நீச்சல் கிடையாது, ஓடுங்கள்

டிரையத்லானில் வானிலை கெட்டால் முதலில் கைவிடப்படுவது நீச்சல்தான். சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ நனைந்தபடி நடந்துவிடும். கடலில் இறங்குவதை மட்டும் விடிவதற்குள் கூடிப் பேசி நிறுத்திவிடுவார்கள். பொங்கல் கழிந்தும் மழை விடாத ஒரு ஜனவரி ஞாயிறு, சென்னையை அடுத்த கோவளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கலந்துகொண்ட போட்டியிலும் அப்படித்தான் ஆனது. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதற்கு ஒலிம்பிக் தூரம் என்று பெயர். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்ந்ததிலிருந்து இதே கணக்குத்தான். எங்களுக்கு ஒலிபெருக்கியில் வந்த கணக்கு வேறு. நீச்சல் கிடையாது, அதற்குப் பதில் 5 கிலோமீட்டர் ஓடுங்கள், பிறகு சைக்கிள், பிறகு மறுபடியும் ஓட்டம்.

கூட்டத்தில் உடனே முணுமுணுப்பு. ‘காசு கட்டியிருக்கோம்ல’ என்றது ஒரு குரல். ‘நான் இதைவிட மோசமான கடல்ல நீந்தியிருக்கேன்’ என்றது இன்னொன்று. இரண்டாவது குரலைப் பொய் என்று சொல்லமாட்டேன். எங்களில் நன்றாக நீந்தக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குக் கேள்வி நீந்துகிறவரைப் பற்றியதே அல்ல.

மணலில் இரண்டு ஃபைபர் படகுகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. போட்டியின்போது மிதவைகளுக்குப் பக்கத்தில் நின்று, தடுமாறுகிறவர்களைத் தூக்கிவர அமர்த்தப்பட்டவை. ஒன்றின் விளிம்பில் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். “என்னண்ணே, இறங்க முடியாதா?” என்றேன். “எங்க ஊர்லயே இன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போகல சார்” என்றார். “போட்டைத் தள்ளி அலையைத் தாண்டிடலாம். தாண்டி அங்க நிக்கணும்ல? ஒரு ஆளு கையைத் தூக்கினா பக்கத்துல போகணும். இந்த அலையில போட்டே அவன் தலையில ஏறிடும்.”

நீங்கள் நீந்துவீர்களா என்பதை அவர் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களை வெளியே கொண்டுவர முடியுமா என்பதுதான் அவர் கணக்கு. மோசமான வானிலையில் ஒரு போட்டியின் எல்லையை வகுப்பது போட்டியாளரின் தைரியம் அல்ல, மீட்பவரின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான். சைக்கிளில் பயந்தால் பிரேக் பிடித்து ஓரமாக நிற்கலாம். ஓட்டத்தில் மூச்சு முட்டினால் நடைபாதைக் கல்லில் உட்காரலாம். கடலில் ஓரம் என்று ஒன்று கிடையாது. 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மொத்தம் 135இல் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. மூன்றில் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் பகுதி அது.

குளிர்நாடுகளில் நீந்துகிறவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. அவர்கள் போடும் வெட்சூட் உடலைக் கதகதப்பாக வைப்பதோடு மிதக்கவும் வைக்கும். நம் கடல் ஜனவரியிலும் வெதுவெதுப்புத்தான். இங்கே அதைப் போட்டால் வெந்துபோவோம். அந்த மிதப்பு இல்லாமல்தான் இறங்க வேண்டும். அலை உடையும் இடத்தில் மிதவை எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது அடுத்த அலையின் மஞ்சள் வயிறு மட்டும்தான். யூடியூபில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் சொல்வது நமக்குப் பாதிதான் பொருந்தும்.

நீச்சல் ரத்தானால் வீரம் குறைந்துவிட்டதாக நினைக்கிறவர்களுக்கு ஹவாயை நினைவுபடுத்துவேன். ‘அயர்ன்மேன்’ என்ற நெடுந்தூர டிரையத்லான் பிறந்த இடம் அது. 1978 பிப்ரவரியில் ஒவாஹு தீவில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு, உதவிக்கு வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்தார்கள் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கதை. யாரும் அதிகம் சொல்லாத கதை மறு ஆண்டினுடையது. 1979இல் வானிலை மோசமாக இருந்தது. இரும்பு மனிதர்கள் என்ன செய்தார்கள்? போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ஐம்பது பேர் வரை வந்திருந்த இடத்தில், ஞாயிறு காலை கிளம்பியவர்கள் 15 பேர்தான். அன்று வென்ற டாம் வாரனை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

நார்வேயின் நார்ஸ்மன் இன்னும் கறார். படகிலிருந்து இருட்டில் ஃபியோர்டு என்ற கடற்கழிக்குள் குதிக்கச் சொல்கிற போட்டி அது. போட்டியாளர் ஒவ்வொருவரும் தனக்கென ஓர் உதவியாளரைக் கூட்டிவர வேண்டும். முன்னால் வருகிற 160 பேர்தான் கடைசியில் கவுஸ்தா மலையுச்சிக்கு ஏறலாம். வானிலை கெட்டால் உச்சியையே மூடிவிடுவார்கள். அதற்காக யாரும் காசைத் திருப்பிக் கேட்பதாகத் தெரியவில்லை.

சரி, எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறேன். மாமல்லபுரம் திசையில் போய்த் திரும்ப வேண்டும். காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும். எல்லோருக்கும் தான் பெரிய சைக்கிள் வீரன் என்று தோன்றும். திருவிடந்தை தாண்டியதும் மழை வலுத்தது. மழைச் சாலையில் கண் முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒட்டிக்கொண்டுவிடும். வெள்ளைக் கோடு வழுக்கும், சாக்கடை மூடி வழுக்கும், கடற்பக்கமிருந்து அடித்துவந்து படிந்த மணல் எல்லாவற்றையும்விட வழுக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தரையைப் பிடிக்கும். ரிம்மைப் பிடிக்கிற பழைய வகை பிரேக் என்றால், அழுத்திய பிறகும் சக்கரம் ஓரிரு சுற்று சுற்றி, தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் பிடிக்கும். அந்த இடைவெளியில் கடவுள் நம்பிக்கை வளரும்.

நெம்மேலிப் பக்கம் சவுக்குத் தோப்பு விட்டுவிட்டு இருக்கிறது. தோப்பு மறைக்கும்வரை ஒன்றுமில்லை. இடைவெளி வந்ததும் காற்று பக்கவாட்டில் அறையும். லட்சக்கணக்கில் கொடுத்து உயரமான ரிம் கொண்ட கார்பன் சக்கரம் போட்டவர்கள் அங்கே பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். உயரமான ரிம் காற்றைக் கிழிக்கும் என்றுதான் விற்கிறார்கள். பக்கக் காற்றில் அதுவே பாய்மரம். சாதாரணக் கம்பிச் சக்கரம் வைத்திருந்த எங்களில் பலர் அவர்களைத் தாண்டிப் போனோம். அந்தச் சின்ன சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே வந்து சந்தோஷத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கல்லூரிப் பிள்ளை நின்றது. கையில் கொடி, மேலே குப்பைப் பையைக் கிழித்துச் செய்த மழைக்கோட்டு. அவர்களில் ஒரு பையன், வருகிற ஒவ்வொருவரிடமும் “மணல் இருக்கு, மெதுவா, மணல் இருக்கு, மெதுவா” என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரு முறை நனைந்துகொண்டே கடந்துவிடுகிறோம். அவன் கடைசி ஆள் போகும்வரை நிற்க வேண்டும். அவனுக்குப் பதக்கம் கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்தான். அவனைப் போன்றவர்கள் நிற்க முடியாத அளவுக்கு மழை பிடித்திருந்தால் சைக்கிள் பகுதியும் போயிருக்கும். போயிருக்க வேண்டும்.

2024 ஒலிம்பிக்குக்காகப் பாரிஸ், சேன் நதியைச் சுத்தப்படுத்த 140 கோடி யூரோ செலவழித்தது. தொடக்க விழாவையொட்டிப் பெய்த மழையில் நதியில் கிருமி கூடி, ஆண்கள் டிரையத்லானை ஜூலை 30இலிருந்து மறுநாளுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த மறுநாள் காலையும் சாலை ஈரம். பெண்கள் போட்டியில் உலகத்தின் சிறந்த வீராங்கனைகள் சிலர் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார்கள். வாழ்நாளெல்லாம் பயிற்சி எடுத்தவர்களுக்கே அந்தக் கதி. வார நாளில் அலுவலகம், வார இறுதியில் சைக்கிள் என்று ஓடுகிற எங்களுக்கு வளைவில் வேகத்தைக் குறைப்பதில் என்ன வெட்கம்?

கடைசி ஓட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. காலுறை நனைந்து கொப்புளம் வந்தது. வழக்கமாக ஆளைக் கொல்வது சென்னை வெயில்தான். அன்றைக்கு அது இல்லாததால் பலர் தங்கள் சிறந்த நேரத்தில் ஓடினார்கள்.

முடிந்து பொங்கலும் வடையும் சாப்பிடும்போது பதக்கத்தைப் பார்த்தோம். நீந்துகிறவர், சைக்கிள் ஓட்டுகிறவர், ஓடுகிறவர் என்று மூன்று உருவங்கள். அன்று மாலையே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. நீச்சலுக்கான பங்கைக் கட்டணத்தில் திருப்பித் தரவேண்டும் என்றார் ஒருவர். எங்களில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். ‘அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் கூடுதலா குடுத்திருக்காங்க, அதைக் கழிச்சுட்டுக் கேளுங்க’ என்று பதில் போட்டார்.

படகுக்காரர்களுக்கு முழுக்கூலியும் கொடுத்துவிட்டார்கள். அதைக் காலையில் பேசிய படகுக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். “கடலுக்குப் போகாததுக்குக் காசு குடுக்கிறது தடைக்காலத்துல கவர்மெண்டு மட்டும்தான்னு நெனச்சேன் சார்” என்று சிரித்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: “தை முடிஞ்சு மாசி பாதி வரட்டும், கடல் அடங்கிடும். அப்ப வையுங்களேன்.”

அமைப்பாளர்களிடம் சொன்னோம். சாலைக்கு அனுமதி ஜனவரியில்தான் கிடைக்குமாம். அடுத்த போட்டியும் அதே மாதம்தான். பதிவு செய்துவிட்டேன். இந்த முறை ஓட்டப் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.