தராசு யாருடையது?

திரைப்படச் சங்கத்து நண்பர்கள் இத்தாலியப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அலையைத்தான் முதலில் பேசுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் பாறை, பாய்மரம், கறுப்புத் துணி போர்த்திக் கரையில் காத்து நிற்கும் பெண்கள். விஸ்கோந்தியின் ‘லா டெர்ரா ட்ரெமா’ (1948) ஒரு கவிதையாம். இதே நண்பர்கள் எங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, ‘புலம்பலா இருக்கு, கலையா மாறல’ என்கிறார்கள். சிசிலிக்காரன் பட்டினி கலை, சேரிக்காரன் பட்டினி புலம்பல்!

இந்தத் தராசு யாருடையது?

அந்தப் படமே தராசைப் பற்றியதுதான். ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து பிடித்த மீனுக்கு விலை வைப்பவன் மொத்த வியாபாரி. ந்தோனி, நம்ம ஊரில் அந்தோணி, வியாபாரியின் தராசைத் தூக்கிக் கடலில் எறிகிறான். வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். புயலில் படகு போகிறது, வீடும் போகிறது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் அவமானப்பட்டுக் கூலிக்குப் போகிறான். அலையழகைப் பேசுகிறவர்களுக்கு இந்தத் தராசு கண்ணில் படாதது தற்செயல் இல்லை.

விஸ்கோந்தி மிலான் பிரபு வீட்டுப் பிள்ளை. கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்த பணத்தில் தொடங்கி, ஆச்சி த்ரேட்சா என்ற மீனவர் ஊரில் படமெடுத்தார். ஊர்க்காரர்களே நடித்தார்கள், தங்கள் சிசிலிப் பேச்சையே பேசினார்கள். மற்ற இத்தாலியர்களுக்கு அது விளங்காது. அதனால் திருத்தமான இத்தாலியத்தில் ஒரு குரல் கூடவே விளக்கிக்கொண்டு போகிறது. எனக்கு உறுத்துவது அந்தக் குரல்தான். எளியவன் வாயைத் திறக்க விட்டவரே அதன்மேல் இன்னொரு வாயை வைக்கிறார். அந்தக் குரலை நாங்க நல்லாத் தெரிஞ்சவங்க. மேடையில் எங்களுக்காகப் பேசிவிட்டு, எங்களைப் பேசவிடாத தோழரின் குரல் அது.

இங்கே அந்த அளவுகூட நடக்கவில்லை. ‘படகோட்டி’யில் (1964) துடுப்பைப் பிடித்தவர் எம்.ஜி.ஆர். மலையாளச் ‘செம்மீன்’ (1965) ஜனாதிபதியின் தங்கப்பதக்கம் வாங்கியது. கடலுக்குப் போனவன் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற கதையை ஊரெல்லாம் பரப்பியது. புயல் அடித்தாலும் பழி பொம்பள மேலதான்.

விஸ்கோந்தி மூன்று கதைகள் எடுக்க நினைத்தார்: கடலில் மீனவர், சுரங்கத்தில் தொழிலாளி, நிலத்தில் விவசாயி. கடலோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் எங்கள் கடலூர் மாவட்டத்தில் எடுக்கப்படாமல் கிடக்கின்றன.

நெய்வேலியில் 1957இல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். மேல்மண்ணை அள்ளி மலைமலையாகக் குவித்தார்கள். மண்ணோடு ஊர்களும் போயின. நிலத்துக்குப் பட்டா உண்டு, பட்டாவுக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் காலங்காலமாக நாத்து நட்டவளுக்கு என்ன உண்டு? கூலிக்கு ஏதுய்யா பட்டா? 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது ஒப்பந்தத் தொழிலாளிகள் வெந்து செத்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட நின்ற பயிருக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். பயிர் அழிந்ததை நாடே பார்த்தது. அந்த வயலில் கூலி அழிந்ததை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குத் தங்கம் தோண்டப் போன சனங்களை பா. ரஞ்சித் ‘தங்கலா’னில் (2024) திரைக்குக் கொண்டுவந்தார். பிரபு வீட்டுப் பிள்ளைக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். பழுப்பு நிலக்கரியின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்று கைபேசியிலேயே கேமரா இருக்கிறது. எடுங்கள். மந்தாரக்குப்பத்துப் பேச்சிலேயே எடுங்கள். விளக்கக் குரல் மட்டும் வேண்டாம். புரியாதவங்க இந்தத் தடவை நம்ம பேச்சைக் கத்துக்கட்டும்.