எழுத்தைத் திருத்துக, எழுதியவரைப் பழியற்க



பலர் கூடிச் செய்யும் பணியில் பிழை நேருதல் இயல்பு. அப்பிழையை எடுத்துரைக்கும் முறையில்தான் அப்பணியின் ஆயுள் அடங்கியுள்ளது. இணையத்தில் யாவரும் எழுதவும் திருத்தவும் இடந்தரும் கலைக்களஞ்சியமாகிய தமிழ் விக்கிப்பீடியா இதற்குத் தக்க சான்று. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய அது, 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. அவற்றை எழுதியோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். நாம் ஆஸ்திரேலியா என்பதை இலங்கைத் தமிழர் அவுஸ்திரேலியா என்பர். இத்தகைய வேறுபாடுகளுக்கிடையே, பலர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே சேர்ந்து உழைக்கின்றனர்.

சூலூர் மாணவி ஒருத்தி, தன் பாட்டி சொல்லக் கேட்ட ஊர்க்குளத்தின் கதையை அதில் எழுதுகிறாள் என்று கொள்வோம். சான்றில்லாத செய்தி நீக்கத்தக்கது என்பது அங்குள்ள விதி. மூத்த பயனர் ஒருவர் அதனை நீக்குகிறார். அது முறையே. ஆயின், "தெரியாததை ஏன் எழுத வந்தாய்?" என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால், அவள் மீண்டும் அப்பக்கம் வருவாளா? "நூலொன்றைச் சான்றாகக் காட்டினால் சேர்க்கலாம்" என்றிருந்தால், அவள் நூலகத்தை நாடியிருப்பாள். விதி ஒன்றே, விளைவோ இரண்டு.

விக்கிமீடியா அறக்கட்டளை, தன் திட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான நடத்தை விதிகளை 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. பிறர் நல்லெண்ணத்தோடு செய்தார் எனக் கொள்ளுதலையும், புதியவருக்கு வழிகாட்டுதலையும் அது வேண்டுகிறது. வசைமொழி, அச்சுறுத்தல், ஒருவரது சொந்த விவரங்களை இசைவின்றி வெளியிடுதல், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றை விலக்குகிறது.

"நல்லவர்க்கு விதி எதற்கு?" என்பர் சிலர். மூத்தவரே தவறும்போது, இளையவர் அஞ்சாமல் எடுத்துக்காட்ட எழுத்தில் ஒன்று வேண்டுமன்றோ? எளியவர்க்கு அதுவே துணை.

அங்கே செய்யப்படும் திருத்தங்கள் பக்க வரலாற்றில் பதிவாகின்றன. சினத்தில் எழுதிய சொல்லும் அவ்வாறே பதிந்துவிடும். ஆகவே பெற்றோரே, உங்கள் மக்கள் இத்தகைய நற்பணியில் ஈடுபட்டால் தடுக்க வேண்டா. எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்க்கப் பழக்குங்கள். தாம் கூறும் குறை எழுத்தைப் பற்றியதா, எழுதியவரைப் பற்றியதா எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளக் கற்பியுங்கள். இல்லத்தில் நாம் ஒருவரையொருவர் திருத்தும் முறையே அதற்கு முதற்பாடம்.