எழுத்துகளால் கட்டிய கோட்டை

கணினி விளையாட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்குவதற்கு முன் வாங்குபவர் கண்ணில் படக்கூடியது பெரும்பாலும் அதன் தோற்றம் மட்டுமே. அட்டைப் படம், சில திரைப்பிடிப்புகள், ஒன்றிரண்டு நிமிட முன்னோட்டம் ஆகியவற்றில் கிராஃபிக்ஸ் எனப்படும் வரைகலை முழுமையாக வெளிப்பட்டுவிடுகிறது. ஆனால் எந்தச் செயலுக்கு என்ன விளைவு, எந்தப் பிழைக்கு என்ன தண்டனை, ஐம்பதாவது மணி நேரத்திலும் எதிர்பாராத ஒன்று நிகழக்கூடுமா என்பன போன்ற, விளையாட்டை விளையாட்டாக்குகிற விதிகள் எந்தப் படத்திலும் அகப்படுவதில்லை. காட்டக்கூடியதற்கே சந்தை விலை வைக்கும் என்பதால், நல்ல விதிகளும் எளிய தோற்றமும் கொண்ட விளையாட்டு கடை வாசலிலேயே தோற்றுவிடுகிறது.

இவ்வாறு தோற்றவற்றுள் முதலில் வைத்துப் பேசத் தக்கது, டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2002 அக்டோபரில் உருவாக்கத் தொடங்கி, 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. ஐரோப்பியத் தொன்மங்களில் மலையைக் குடைந்து வாழ்பவர்களாகவும் உலோக வேலையில் தேர்ந்தவர்களாகவும் வரும் குள்ளர் இனத்தின் குடியிருப்பு ஒன்றை நிறுவுவதே இதன் பொருள். ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு ஓரிடத்தில் வந்திறங்குகிறார்கள். ஆடுபவர் அவர்களை நேரடியாக நகர்த்துவதில்லை, எந்தப் பாறையைக் குடைய வேண்டும், எங்கே பட்டறை அமைய வேண்டும் என்று குறித்துக் கொடுக்க, அவர்கள் தங்கள் திறமைக்கும் மனநிலைக்கும் ஏற்ப அதைச் செய்கிறார்கள். வெற்றி என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. பசியாலோ படையெடுப்பாலோ பைத்தியத்தாலோ கோட்டை அழியும் வரை ஆட்டம் தொடரும். தோற்பதே வேடிக்கை என்பது இதை ஆடுவோரிடையே வழங்கும் வாசகம்.

இத்தனையும் பதினாறு ஆண்டுகள் வெறும் எழுத்துகளாலும் குறிகளாலும் காட்டப்பட்டன. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியில் 256 குறிகள் கொண்ட எழுத்துத் தொகுதி ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்துகள், கோடுகள், சீட்டுக்கட்டின் ஸ்பேடு, கிளாவர் சின்னங்கள், ஒரு சிரிப்பு முகம் ஆகியவை அதில் அடக்கம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் அந்தத் தொகுதியையே தன் ஓவியப் பெட்டியாகக் கொண்டது. சிரிப்பு முகம் என்றால் குள்ளர், அதன் நிறம் அவர் செய்யும் தொழில். பூனையும் நாயும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள். சீட்டுச் சின்னங்கள் மரங்கள். அலைபோல் வளைந்த கோடு தண்ணீர், அதுவே சிவப்பானால் எரிமலைக் குழம்பு. முதன்முறை பார்ப்பவருக்கு இது கெட்டுப்போன அச்சுப்பொறி கக்கிய தாள் போலத்தான் தோன்றும். அப்படித் தோன்றியதால் மூடிவிட்டுப் போனவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

மூடாமல் இருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நிரல் ஓர் உலகத்தைப் படைக்கிறது: நிலத்தின் ஏற்ற இறக்கம், மழையளவு, வெப்பநிலை, நீர்வடிகால் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஆறுகள் மலைகளை அரிக்கவிட்டு, மலைத்தொடரின் மறுபக்கத்தில் மழை குறைவதைக்கூட விட்டுவிடாமல், அந்தந்தச் சூழலுக்குரிய காடுகளையும் பாலைகளையும் அது அமைக்கிறது. மண்ணுக்கு அடியில் படிவுப் பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை என அடுக்குகள் வைக்கப்பட்டு, நிலக்கரி படிவுப் பாறையில்தான் கிடைக்கும் என்ற இயற்கை நியதி காக்கப்படுகிறது. ஆகவே நிலவியல் அறிந்தவர் ஒருவர் அந்த அறிவைக் கொண்டே எங்கே தோண்டலாம் என்று முடிவு செய்ய முடியும். அதன் பிறகு அந்த உலகத்தின் பல நூற்றாண்டு வரலாறு ஓட்டிக் காட்டப்படுகிறது. அரசுகள் எழுகின்றன, போர்கள் நடக்கின்றன, பெயருள்ள மனிதர்கள் பிறந்து, மணந்து, கொல்லப்பட்டுப் போகிறார்கள். பின்னால் ஆடுபவரின் கோட்டையில் சிற்பி ஒருவர் சுவரில் வடிக்கும் உருவம் அந்த வரலாற்றில் உண்மையாக நடந்த ஒரு சண்டையைக் குறிப்பதாக இருக்கலாம். அந்தச் சிற்பத்தை வாசிக்கத்தான் முடியும், பார்க்க முடியாது.

உடல்களும் இதே நுணுக்கத்தோடு அமைந்தவை. பெரும்பாலான விளையாட்டுகளில் உயிர் என்பது குறைந்துகொண்டே வரும் ஓர் எண். இங்கே ஓர் ஈட்டிக் குத்து தோலை, கொழுப்பை, தசையை, எலும்பை வரிசையாகக் கடந்து செல்கிறது, கை நரம்பு அறுந்தவர் ஆயுதத்தைப் பிடிக்க இயலாதவராகிறார். இந்த நுணுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2015 டிசம்பரில் நேர்ந்த ஒரு விசித்திரம் சான்றாகிறது. அந்த மாதம் வந்த புதிய பதிப்பில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டன. சேர்க்கப்பட்ட சில நாள்களில் கோட்டைகளில் பூனைகள் காரணமின்றிச் செத்து விழுவதாகப் புகார்கள் வந்தன. டார்ன் ஆடம்ஸ் ஆராய்ந்து கண்ட காரணம் இது: குடிப்பவர்கள் மதுவைத் தரையில் சிந்துகிறார்கள், அதில் நடந்த பூனைகளின் பாதங்களில் மது ஒட்டுகிறது, பூனைகள் தங்கள் இயல்புப்படி பாதங்களை நக்கித் தூய்மை செய்கின்றன, நக்கியது உடலுக்குள் சேர்கிறது. ஒரு நக்கலுக்கு ஒரு கோப்பை முழுவதும் குடித்ததாக நிரல் தவறாகக் கணக்கிட்டதால், சிறிய உடலுக்கு அது நஞ்சாயிற்று. பூனை குடித்துச் சாக வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. சிந்துதல், ஒட்டுதல், நக்குதல், உடல் எடைக்கேற்ப மயங்குதல் என்று தனித்தனியே எழுதப்பட்ட விதிகள் தாமே கைகோத்துக்கொண்டு இதைச் செய்தன. கணக்கில் இருந்த பிழை ஒன்றுதான், மற்றதெல்லாம் சரியான நடத்தை.

இத்தகைய ஆழத்துக்கும் அந்த வறண்ட தோற்றத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. முப்பரிமாண விளையாட்டில் ஒரு பூனையைச் சேர்ப்பதென்றால் அதன் உருவத்தை வடிக்க வேண்டும், நடை, ஓட்டம், நக்கல், சாவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அசைவுகளை அமைக்க வேண்டும், அதற்கெல்லாம் கலைஞர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆகவே கூடுதலாக ஒரு விதி என்பது கூடுதலாக ஒரு செலவு. எழுத்துகளால் ஆன உலகத்தில் புதிய விலங்குக்கு வேண்டியது ஓர் எழுத்தும் சில வரி விவரணையும் மட்டுமே. இரண்டு பேர், ஆடுவோர் அனுப்பிய நன்கொடையில் வாழ்ந்துகொண்டு, பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கும் ஓர் உலகத்தைக் கட்ட முடிந்தது இதனால்தான். கணிதத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற டார்ன், கல்வித்துறைப் பணியை விட்டுவிட்டு முழு நேரமும் இதற்கே செலவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதைக்கு மூதாதை 1980இல் கலிஃபோர்னியாவில் படித்த மாணவர்கள் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் ஆகியோர் தொடங்கி, கென் ஆர்னால்டும் இணைந்து உருவாக்கிய ‘ரோக்’. அன்றைய பல்கலைக்கழக முனையங்கள் எழுத்துகளை மட்டுமே காட்டவல்லவை. எனவே மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியே வீரன், எழுத்துகளே அரக்கர்கள், ஒவ்வொரு முறையும் நிலவறைகள் புதிதாக அமையும், இறந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே எழுத்து கட்டாயம். அதன் வழிவந்த ‘நெட்ஹேக்’ 1987இல் வெளியாகிப் படங்கள் சாத்தியமான பின்னும் எழுத்திலேயே வளர்ந்தபோது அது தேர்வாயிற்று. பார்த்தாலோ தொட்டாலோ கல்லாக்கிவிடும் பாம்புச் சேவல் ஒன்று ஐரோப்பியக் கதைகளில் உண்டு. நெட்ஹேக்கில் அதன் பிணத்தைக் கையுறை அணிந்து எடுத்து, அதையே ஆயுதமாக வீசி எதிரிகளைக் கல்லாக்கலாம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழியில் விழுந்தால், விழுந்த வேகத்தில் உடல் அதன்மேல் பட்டு வீரனே கல்லாகிவிடுவான். இத்தனை தூரம் யோசித்து வைத்தவர்கள் அதைக் காட்டச் செலவிட்டது ஒரு வாக்கியம்.

எனினும் அழகின்மையே ஆழத்தின் அடையாளம் என்று கொண்டாடுவது மிகையாகும். வரைகலை முக்கியமே அல்ல என்று இவ்வகை விளையாட்டுகளின் அன்பர்கள் சொல்வது வழக்கம்; அதில் பாதிதான் உண்மை. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸை நெடுங்காலம் எளியோர் அணுக முடியாமல் வைத்திருந்தது அதன் அழகின்மையைவிட அதன் தெளிவின்மை. ஒரே குறி இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் தந்தது. கட்டளைகள் விசைப்பலகையின் எழுத்துகளில் பல அடுக்குகளாகப் புதைந்திருந்தன. கட்டளைகளின் ஒழுங்கும் ஓரிடத்தில் ஒன்றாக, வேறிடத்தில் வேறாக இருந்தது. அழகற்ற ஒன்றுக்குக் கண் பழகிவிடும், புரியாத ஒன்றுக்குப் பழகாது. ஆடுவோரே எழுத்துகளுக்குப் பதிலாகச் சிறு சிறு படங்களை வைக்கும் தொகுப்புகளை வரைந்து, இலவசமாகப் பகிர்ந்து, பல ஆண்டுகள் இந்தக் குறையைத் தாமே ஈடு செய்தார்கள்.

புறக்கணிப்பு என்பதும் வாங்குவோர் பக்கத்துப் புறக்கணிப்புதான். விளையாட்டு செய்வோர் இதைக் கூர்ந்து கவனித்தே வந்தார்கள். ‘மைன்கிராஃப்ட்’டைப் படைத்த மார்கஸ் பெர்சன் தமக்கு ஊக்கம் தந்தவற்றுள் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸையும் குறிப்பிட்டிருக்கிறார், ‘ரிம்வேர்ல்ட்’ போன்ற குடியேற்ற விளையாட்டுகளில் அதன் சாயல் வெளிப்படை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 நவம்பரில் தன் சேகரிப்புக்கு முதன்முதலாக அறிவித்த பதினான்கு விளையாட்டுகளில் பேக்மேன், டெட்ரிஸ் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றது. காட்சிக் கலைக்கென்றே இருக்கும் ஒரு நிறுவனம், காட்சியே இல்லை என்று பலர் ஒதுக்கிய ஒன்றை எடுத்துக்கொண்டதில் உள்ள முரணை ரசிக்காமல் இருக்க முடியாது.

திருப்பம் 2019இல் வந்தது. குடும்பத்தின் மருத்துவச் செலவு பற்றிய கவலையால், படங்களும் ஒலியும் சேர்ந்த விற்பனைப் பதிப்பு ஒன்றை வெளியிடப் போவதாகச் சகோதரர்கள் அறிவித்தனர். அன்பர்களாக இருந்து படத் தொகுப்புகளை வரைந்தவர்களையே அதற்கு ஓவியர்களாக அமர்த்திக்கொண்டனர். கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 2022 டிசம்பர் 6 அன்று ஸ்டீம் இணையக் கடையில் சுமார் 30 டாலர் விலையில் வெளியான அந்தப் பதிப்பு, முதல் நாளிலேயே சுமார் 1,60,000 பிரதிகளும், அந்த மாதத்துக்குள் ஏறத்தாழ 5 லட்சம் பிரதிகளும் விற்றது. உள்ளே இருந்த உலகம் பெரும்பாலும் பழைய உலகம்தான். அதே பாறைகள், அதே பூனைகள். மாறியவை முக்கியமாகச் சிரிப்பு முகத்துக்குப் பதிலாகத் தாடி வைத்த ஒரு சிறு உருவமும், சுட்டெலியால் இயக்கக்கூடிய பட்டியல்களும்தான். படங்களும் பெரிய வேலைப்பாடு கொண்டவையல்ல, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகளின் தரத்தில் அமைந்த சிறு சதுரங்கள். வாங்குவோர் கேட்டது அழகை அல்ல, எது பூனை எது பீப்பாய் என்று பார்த்தவுடன் தெரிவதை மட்டுமே என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்றை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

எல்லாருக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஜெஃப் வோகல் 1994இல் தொடங்கிய ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம், கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று ஆடும் நெடிய விளையாட்டுகளையே பெரும்பாலும் முப்பது ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 2001இல் வந்த அவருடைய ‘ஜீன்ஃபோர்ஜ்’ உயிர்களைப் படைக்கும் ஆற்றலை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டு, படைக்கப்பட்ட உயிர்களுக்கு உரிமை உண்டா, அவை கிளர்ந்தெழுந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வியை எழுப்பி, எந்தப் பதிலுக்கும் இடம் வைத்துக் கதையை நடத்துகிறது. பெரும் பொருட்செலவில் வந்த பல விளையாட்டுகளில் இத்தனை நேர்மையான அறச்சிக்கல் இல்லை. ஆனால் அதன் திரையைப் பார்த்தவர்கள், திரும்பத் திரும்ப வரும் அதே சுவர்களையும் மரப்பாச்சி போன்ற மனிதர்களையும் கண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தம் விளையாட்டுகள் ஏன் பார்க்க நன்றாக இல்லை என்பதை விளக்கி வோகலே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தம்மிடம் உள்ள பணத்துக்குத் தோற்றத்தைச் சற்று உயர்த்தினாலும் குறை சொல்பவர்கள் குறை சொல்லத்தான் போகிறார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது; கசப்பானது என்றாலும் வணிக நோக்கில் பிழை காண முடியாத கணக்கு.

பணம் தாராளமாக இருந்தும் தோற்றத்தால் ஏச்சு வாங்கிய விளையாட்டும் உண்டு. விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ 2000இல் தன் ‘செல்டா’ தொடரின் நாயகன் ஈடுபடும் தத்ரூபமான ஒரு வாள்சண்டையைக் காட்டி ஆவலைக் கிளப்பிவிட்டு, மறு ஆண்டில் அத்தொடரின் புதிய விளையாட்டுக்குப் பெரிய கண்களும் தட்டையான வண்ணங்களும் கொண்ட கார்ட்டூன் சிறுவனை முன்வைத்தபோது, இது குழந்தைகள் சமாச்சாரம் என்ற எள்ளல் எழுந்தது. 2002 இறுதியில் வெளியான அந்த ‘விண்ட் வேக்கர்’ இன்றும் புதிது போல இருக்கிறது. அதே காலத்தில் தத்ரூபம் என்று பாராட்டப்பட்ட பல விளையாட்டுகளின் முகங்கள் இன்று மெழுகு பொம்மைகளாகத் தெரிகின்றன. தத்ரூபம் என்பது அந்தந்த ஆண்டின் கணினி ஆற்றலோடு கட்டுண்டது என்பதால், அது காலாவதியாகும் வேகமும் அதிகம்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸின் எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது, நெட்ஹேக்கும் அப்படியே. ஆயினும் புதிதாகத் தொடங்குபவர் பழம்பெருமைக்காக எழுத்துப் பதிப்பில் போய் முட்டிக்கொள்ளத் தேவையில்லை. படப் பதிப்பில் ஒரு கோட்டையாவது கட்டி, அது வெள்ளத்திலோ கலகத்திலோ அழிவதைப் பார்த்த பிறகு எழுத்துப் பதிப்பைத் திறந்தால், அந்தக் குறிகள் அவருக்குத் தாமாகவே குள்ளர்களாகவும் பூனைகளாகவும் விளங்கத் தொடங்கும்.