பழி கியர்பொக்ஸின் மேல்

"கியர்பொக்ஸ் போயிட்டு, வேற ஒண்டு போடுங்க." பழைய ஓட்டோ கியர் வான் ஒன்று ஒழுங்காக இழுக்காவிட்டால், வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். கராஜில் சொல்வார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். வானுக்கு இருபது வயது தாண்டிவிட்டது என்பதே போதிய சாட்சியாகிவிடும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் நகையை அடகுக்கு அனுப்புகிற இந்த நம்பிக்கை பெரும்பாலும் சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுவது.

மட்டக்களப்பின் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் நிற்கும் வானுக்கு இரண்டு பக்கமும் உப்புக் காற்று. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மாரி காலத்தில் வீதியை மூடிய வெள்ளத்தில் இறங்கித்தான் ஓடவேண்டும். 2011 தை வெள்ளத்தை மறந்தவர் இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செப்பு வயரில் களிம்பு ஏறும், மின்னோட்டம் தடைப்படும். இலத்திரனியல் ஓட்டோ கியர் அந்த மின்னோட்டத்தை நம்பியே வேலை செய்கிறது. வேக உணரி சொல்வதைக் கேட்டுக் கணினி சொலினொயிட் வால்வுகளை இயக்குகிறது. ஒயில் அழுத்தம் போய்க் கிளச்சைப் பிடிக்கிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் தாங்கிகளில் இருப்பதால், மின் திரும்பிப்போக எர்த் வயர் ஒன்று வேண்டும். அது அரித்துவிட்டால் லைட்டும் ஏசியும் போட்டதும் கியர் குழம்பும்.

காலை ஈரத்தில் இழுக்காத வான், வெயில் ஏறியதும் நன்றாக ஓடினால் அது தேய்ந்த கியர்பொக்ஸா? தேய்ந்த கிளச் தட்டு வெயிலில் குணமாவதில்லை. சூடேற ஏற அதன் வழுக்கல் கூடத்தான் செய்யும்.

"மாற்றினோம், ஓடியதே" என்பார்கள். ஓடும். கியர்பொக்ஸை இறக்க எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும், எர்த் போல்ட்டையும் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது துரு சுரண்டப்படுகிறது, பிளக்குகள் இறுகப் பிடிக்கின்றன. குணப்படுத்தியது பல வேளை அதுதான். பெயர் வாங்குவது ரீகண்டிஷன் பெட்டி. அடுத்த மாரியில் அதே கோளாறு வந்தால் வாங்கிய பெட்டி கூடாது என்கிறார்கள். வயரைக் குற்றம் சொல்ல அப்போதும் ஆள் இல்லை. கழற்றிய பழைய பெட்டி பழுதா என்று திறந்து பார்த்தவரும் இல்லை.

ஸ்கானர் ஏறவில்லை என்பது இன்னொரு சாட்டு. 1990களின் பல டொயோட்டாக்களுக்கு ஸ்கானரே தேவையில்லை. வானிலேயே இருக்கும் சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சைப் போட்டுச் சாவியைத் திருப்பினால், 'ஓவர்டிரைவ் ஓஃப்' விளக்கு மின்னி மின்னிக் கோளாற்று எண்ணைச் சொல்லும். 42, 61 என்றால் வேக உணரிகள். 62, 63 என்றால் சொலினொயிட்டுகள், அல்லது அவற்றுக்குப் போகும் வயர். சொலினொயிட்டின் தடை 11 முதல் 15 ஓம் இருந்தால் அதன் சுருள் நலம், வயரைத் தேடவேண்டும். சொலினொயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு, லீவரைக் கையால் மாற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. கியர்கள் வேறு வேறாகத் தெரிந்தால் உள்ளே இரும்பு நன்றாக இருக்கிறது. சொலினொயிட்டுகளுக்கு மின் கிடைக்காதபோது பல பெட்டிகள் 'டி'யில் மேல் கியரிலேயே நின்றுவிடும். அந்த மந்தத்தைத்தான் "வழுக்குது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

உண்மையாகவே செத்த கியர்பொக்ஸ் உண்டு. ஒயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கும், அடித்தட்டில் இரும்புத்தூள் கிடக்கும். ரேடியேற்றர்த் தண்ணீர் கலந்தால் ஒயில் ரோஸ் நிறப் பாலாகத் தெரியும். அங்கே எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த அடையாளம் எதுவும் பார்க்காமல் ஜக் அடிப்பதை ஏற்கமுடியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதற்கிடையில் பழைய வான்களே ஊரைச் சுமந்தன, இன்னும் சுமக்கின்றன. ஆகவே கியர்பொக்ஸில் கை வைக்குமுன், மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மறு முனையைக் கியர்பொக்ஸ் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. அளக்க மறுக்கிற இடத்தில் கியர்பொக்ஸைக் கழற்ற விடாதீர்கள்.