எப்போ திரும்பி வரும்?

கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடிக்கு ஏறி வடக்கே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மணலி. சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் தீ. ஸ்ரீஹரிகோட்டாவும் கிட்டத்தட்ட அதே திசைதான், அதற்கும் பின்னால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. புதிதாகக் குடிவந்தவர்கள் ராக்கெட் விடும் நாளில் மணலித் தீயைக் காட்டிக் கைதட்டிவிடுவார்கள். பழகியவர்கள் சிரித்துக்கொண்டு பேசாமல் நிற்போம்.

2024 டிசம்பர் 30, இரவு பத்து மணி. மார்கழிப் பனி. தெருப் பிள்ளைகள் செல்போனில் கவுண்ட்டவுனை அலறவிட்டிருந்தார்கள். பக்கத்துப் போர்ஷன் ஆயாவையும் இரண்டு பேர் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்திருந்தார்கள். மணலித் தீக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி முளைத்து, உயர்ந்து, கடல் பக்கம் சாய்ந்து, சின்னதாகி, மறைந்தது. அவ்வளவுதான். சத்தம் இங்கே வந்துசேர மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், அதற்குள் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் எரிந்து கழன்றிருக்கும். எங்கள் காதுக்கு வந்தது ரயில்வே யார்டில் ஷண்டிங் நடக்கும் சத்தம்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆயா கேட்டது: "இது எப்போப்பா திரும்பி வரும்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "ராக்கெட்டு திரும்பி வராது ஆயா!"

"வராததுக்கா இவ்ளோ கைதட்டு?"

நானும் சிரித்தேன், ஒளிப்பானேன். அப்புறம்தான் உறைத்தது. ஆயாவின் மகன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஏறுகிறவர். அன்றைக்கு அவர் கடலுக்குப் போய் எட்டாவது நாள். அந்த வீட்டில் கிளம்புவது ஒரு சேதியே இல்லை.

ஸ்ரீஹரிகோட்டாவை ஏதோ டெல்லிக்காரர்களின் ஊர் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது பக்கத்து ஊர். மூர் மார்க்கெட்டில் கிளம்பும் சூலூர்பேட்டை வண்டி எங்கள் ஸ்டேஷனில் நின்றுதான் போகும். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தடா என்று ஒவ்வொன்றாக நின்று சூலூர்பேட்டையில் இறக்கிவிட்டால், அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து தீவு. ரயிலுக்கும் முந்தைய உறவு ஒன்று இருக்கிறது: பக்கிங்ஹாம் கால்வாய். 1806-லேயே எண்ணூர் வரை ஓடத் தொடங்கி, பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்ட கால்வாய். பழைய மதராஸின் அடுப்புகள் எரிந்த விறகில் ஒரு பங்கு ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் யானாதி மக்கள் வெட்டி, படகில் இந்தக் கால்வாய் வழியே வந்ததுதான். இன்றைக்குக் கொருக்குப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய். தீவை ராக்கெட் தளத்துக்கு எடுத்துக்கொண்டபோது யானாதிக் குடும்பங்கள் அங்கிருந்து பெயர்ந்தன. விண்வெளி விழா மேடை எதிலும் அவர்கள் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை.

ராக்கெட் கதை தொடங்கிய கேரளத்துத் தும்பா ஒரு மீன்பிடி கிராமம். 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. மாதா கோயில் அலுவலகமானது, சைக்கிளில் ராக்கெட் முனை போனது. அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி.-3 ஐந்து நிமிடத்தில் கடலில் விழுந்ததும், நிருபர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே போய் உட்கார்ந்ததும், அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்தபோது அப்துல் கலாமை அனுப்பியதும் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் தேய்ந்துபோன கதை. தேய்ந்தாலும் நல்ல கதை. ஆனால் இவை எல்லாமே போன கதைகள். விட்டது போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா என்பதோடு முடிந்துவிடும். கழன்று விழுந்த துண்டுகளுக்குக் கடல் இருக்கிறது. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு பூஸ்டர் ஒன்று சிக்கியது. ராக்கெட்டில் போனது கரைக்கு வருவதென்றால், பல காலம் அந்த மாதிரித்தான்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். சுற்றுப்பாதையில் இருக்கும் பொருள் மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகம் முழுவதையும் காற்றோடு உரசி உரசித்தான் தொலைக்க வேண்டும். கோணம் சற்றுச் செங்குத்தானால் கருகும், சற்றுச் சாய்ந்தால் குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலத் தத்திவிடும். கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலத்தில், கிளம்பும்போது பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் ஓட்டை போட்டது. பதினாறு நாள் ஒன்றும் ஆகவில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று, தரை தொடப் பதினாறு நிமிடம் இருக்கையில், அந்த ஓட்டை வழியாக நெருப்பு உள்ளே புகுந்தது. ஏழு பேர்.

அதற்கு நான்கு வருடம் கழித்து இஸ்ரோ முதன்முறையாக ஒன்றை மேலே அனுப்பித் திரும்ப வாங்கியது. பேர் எஸ்.ஆர்.இ. ஏறத்தாழ 550 கிலோ எடை, கவிழ்த்த புனல் மாதிரி உருவம். 2007 ஜனவரி 10-ல் போய், பன்னிரண்டு நாள் சுற்றி, 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்கக்கடலில் பாராசூட்டில் இறங்கி மிதந்தது. கடலோரக் காவல்படை போய் எடுத்துவந்தது. சந்திரயானுக்குப் பட்டாசு வெடித்த எங்கள் தெருவில் இதற்கு ஒரு சரம்கூட வெடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அடுத்ததை. 2014 டிசம்பர் 18 காலை ஒன்பதரை மணிக்கு, இப்போது எல்.வி.எம்.-3 என்கிறார்களே, அந்தப் பெரிய ராக்கெட்டின் முதல் பரிசோதனை. உச்சியில் மனிதர்கள் உட்காரும் கூண்டு, ஆளில்லாமல். மூன்றரை டன்னுக்கு மேல். 126 கிலோமீட்டர் உயரத்தில் கழன்று, தீப்பிழம்பாக இறங்கி, பாராசூட் விரித்து, கிளம்பிய இருபது நிமிடத்தில் அந்தமான் கடலில் விழுந்தது. 'சமுத்ர பஹரேதார்' என்ற கடலோரக் காவல்படைக் கப்பல் அதைத் தூக்கிக்கொண்டு நேராக வந்த இடம் எண்ணூர், காமராஜர் துறைமுகம்.

அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவென்று கட்டிய துறைமுகம் அது. கரித்தூள் பறக்கும் அந்தத் துறையில், வானத்தின் விளிம்பு வரை போய்த் தானும் கரியாகி வந்த கூண்டை இறக்கினார்கள். பிறகு அது சாலை வழியே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போனது. எண்ணூரைப் பற்றி நல்ல சேதி வருவது அபூர்வம். சாம்பல், எண்ணெய்க் கசிவு, வாயுக்கசிவு என்றுதான் பேப்பரில் பேர் அடிபடும். ஒரு டிசம்பரில் மட்டும் விண்வெளிக்குப் போன சாமான் அங்கே கரையேறியது. வடசென்னையில் இதை அறிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் என்பது சுருக்கமாகச் சொன்னால் திரும்பி வரும் வித்தையைக் கற்கும் திட்டம். 2023 அக்டோபர் 21-ல் நடந்த சோதனைகூட, ராக்கெட் பாதியில் கெட்டுப்போனால் ஆட்களை எப்படிப் பிய்த்துக்கொண்டு வருவது என்பதற்குத்தான். கோளாறு ஒன்றால் முதலில் நிறுத்தி, சரிசெய்து, பத்து மணிக்கு விட்டார்கள். கூண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் கடலில் இறங்கியது. கடற்படை மீட்டது.

கவனித்துப் பார்த்தால், கொஞ்ச வருஷமாக இஸ்ரோ செய்வதெல்லாமே ஆயாவின் கேள்விக்கு ஒத்திகை மாதிரி இருக்கிறது. சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை உலகமே பார்த்தது. 2023 செப்டம்பர் 3-ல் விக்ரம் லேண்டர் இன்ஜினை மறுபடி இயக்கி நாற்பது சென்டிமீட்டர் எம்பி, தள்ளிப் போய் உட்கார்ந்தது. அதை எத்தனை பேர் கவனித்தோம்? ஒரு சாண் இரண்டு சாண் விவகாரம்தான். ஆனால் நிலவிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டுமானால் முதலில் அங்கிருந்து கால் எழும்ப வேண்டும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர். ரயில்வே குடும்பங்கள் நிறைந்த எங்கள் தெருவில் அதற்கும் சேர்த்துத்தான் சரம் வெடித்தது.

நாங்கள் மாடியிலிருந்து பார்த்த டிசம்பர் இரவு ராக்கெட்டும் அதே வழிதான். ஸ்பேடெக்ஸ் என்ற இரண்டு சின்னச் செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் 220 கிலோ. மேலே ஓடிக்கொண்டே ஒன்றோடொன்று இணைய வேண்டும். யார்டு ஆட்களுக்குப் புரியும் பாஷையில் சொன்னால் கப்ளிங். என் அப்பா ஷண்டிங்கில் இருந்தவர். பெட்டி நெருங்கும்போது கைவிளக்கை ஆட்டும் வேகத்தை வைத்தே டிரைவருக்கு எத்தனை அடி பாக்கி என்று சொல்லிவிடுவார். 'முட்டவும் கூடாது, முட்டாமலும் கூடாது' என்பார். ஸ்பேடெக்ஸ் இரண்டும் ஒரு தடவை மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கின. தேதி தள்ளிப்போனது. கேலி பேசினவர்களுக்கு ஷண்டிங் தெரியாது. 2025 ஜனவரி 16-ல் இணைந்தன. நிலவு மண்ணை அள்ளிவரப்போகும் சந்திரயான்-4 இந்த வித்தை இல்லாமல் ஆகாது; 2035-க்குள் என்று சொல்லும் விண்வெளி நிலையமும் ஆகாது.

குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது தளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் போட்டாயிற்று. தெற்கே விடும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றால் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளைக் கொட்ட வேண்டும். அங்கிருந்து நேர் வழி. சின்ன ராக்கெட்டுகள் அந்தப் பக்கம் போய்விட்டால் எங்கள் மாடிக்குக் காட்சி குறையும். சுயநலம்தான், வருத்தமாக இருக்கிறது.

ராக்கெட் விடும் நாளில் கடலில் குறிப்பிட்ட பகுதிக்குப் போகாதே என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். "இன்னிக்கு லாஞ்சாம், லாஞ்சு போவல" என்று காசிமேட்டில் ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் சொல்வார்கள். பதிலுக்கு மேலேயிருந்து ஒன்று வந்திருக்கிறது. 2017-ல் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. போனவர்களில் பலர் வரவேயில்லை. அதற்கப்புறம் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பெட்டியை விசைப்படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை எழுத்தாக வரும், ஆபத்தென்றால் இவர்களும் இரண்டு வார்த்தை அனுப்பலாம். நிலவில் கால் வைத்ததைவிட இது பெரிது என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

2025 ஜூலை 15-ல் சுபான்ஷு சுக்லா பதினெட்டு நாள் விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டுக் கலிபோர்னியாக் கடலில் இறங்கியதை ஆயா வீட்டு டிவியில் பார்த்தோம். பாராசூட் விரிந்ததும் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்து நம் ராக்கெட்டிலேயே போகப்போகிறார்கள், நாலு பேர் பேர் சொல்லியிருக்கிறார்கள், இவரும் அதில் ஒருத்தர், அஜித் கிருஷ்ணன்னு ஒருத்தர் நம்ம மெட்ராஸ்லயே பொறந்தவர் என்றேன்.

"மேலேந்து வீட்டுக்குப் பேச முடியுமா?"

"முடியும் ஆயா. மூஞ்சி பார்த்தே பேசலாம்."

ஆயா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தது. மகன் கடலுக்குப் போன தேதியில் பென்சில் வட்டம் இருந்தது.

"கடல்லேந்து மட்டும் ஏன்பா டவர் கெடைக்க மாட்டேங்குது?"