வடதுருவப் பனியும் லயத்து மண்ணும்

இராகலைத் தோட்டத்து லயத்திலே வாழும் தொழிலாளிக்கும் வடதுருவத்துக் கடற்பனிக்கும் என்ன உறவு என்று ஏளனம் பேசுவோர் உளர். உறவு உண்டு என்கிறோம்!

2012 செப்டெம்பரில் அக்கடற்பனி ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கிற்று. 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருவதில் அதனினும் குறைந்த அளவு இல்லை. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி போன இடத்துக் கருங்கடலோ வெப்பத்தை விழுங்கும். பனியை உருக்கும் அதே வெப்பம் காற்று தாங்கும் நீராவியையும் பெருக்குகிறது: ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு. பெருமழை மேலும் பெருமழையாகிறது!

அத்தகைய மழை மலையகத்தில் என்ன செய்யும்? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் காட்டிற்று. லயங்களோடு மக்கள் மண்ணுள் புதைந்தனர். 2005இலும் 2011இலும் எச்சரிக்கை தரப்பட்ட இடம் அது! எச்சரிக்கை கோப்பிலே உறங்கிற்று. ஏழை சரிவிலே உறங்கினான்.

புகை கக்கியவை செல்வ நாடுகள். புதைகுழி தேயிலைத் தொழிலாளிக்கா? "இயற்கையின் சீற்றம்" எனக் கைகழுவும் ஆட்சியாளரைக் கேட்கிறோம்: மழையை நிறுத்த உங்களால் ஆகாது, ஆபத்தற்ற நிலத்தில் வீடு கட்டித் தரவுமா ஆகாது?

அனுதாபச் செய்தி வேண்டாம். காணியும் அதற்கு உறுதியும் தருக!