அம்மா ஓடணும்!

காலை நாலரை மணி. கார்த்திகைக் குளிருக்கு தெரு நாய்கூட சுருண்டு படுத்திருக்கும். எங்க வீட்டுல மட்டும் கேட் திறக்கிற சத்தம்! திருடன் இல்லை பாஸ்... எங்கம்மா. வயசு 46. ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப் போறாங்க. முழுசா 42.195 கிலோமீட்டர்!

இதுக்கு நாலு மாசப் பயிற்சியாவது வேணும். செப்டம்பர்ல ஆரம்பிச்சா நடுவுல வடகிழக்குப் பருவமழை. தெருவுல தண்ணி நின்னா, அபார்ட்மென்ட் மாடிப்படியில ஏறி இறங்குவாங்க. ஆறரைக்கு குக்கர். ஒன்பதரைக்கு பேங்க் கவுன்ட்டர்.

ஞாயிறுதான் நீண்ட ஓட்டம். கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 30 கிலோமீட்டரைத் தொடணும். கடைசி ரெண்டு, மூணு வாரம் தூரத்தைக் குறைச்சாத்தான் கால் தேறும்.

போன மாசம் ஒரு ஞாயிறு. 26 கிலோமீட்டர் ஓட வேண்டிய அம்மா, அடுப்படியில நின்னாங்க.

''ஏம்மா ஓடலை?''

''கம்பைன் ஸ்டடிக்கு ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்னியேடா... எட்டுப் பேருக்கு டிபன் வேணாமா?''

சுருக்னு இருந்துச்சு. மழைக்கே நிக்காத அம்மாவை நிக்க வெச்சது நான்!

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-ல், லாஸ் ஏஞ்சலீஸில்தான். எங்க வீட்டு அடுப்படிக்கு அந்த நியூஸ் இன்னும் வரலை போல!

இப்போ ஞாயிறு டிபன் என் டிபார்ட்மென்ட். தோசை இலங்கை மேப் மாதிரிதான் வருது. நேத்து 28 முடிச்சுட்டு வேர்வையோட வந்த அம்மா, நாலு தோசை சாப்பிட்டு, ''உப்பு கம்மிடா''ன்னாங்க.

அடுத்த வாரம் 30. உப்பை நான் பார்த்துக்கறேன்... நீ ஓடும்மா!